அந்தப் பேயை எழுதியவன் நான்

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அப்படிப்பட்டவன் கள்ளக்குறிச்சியில் கடைத்தெருவுக்குப் பின்சந்தில் சொந்தமாக ஓர் அச்சகம் போட்டேன். சேலத்தில் ஒருவர் காயலான் கடைக்குத் தள்ளிவிட இருந்த டிரெடில் என்கிற காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, விரிசல் விட்ட காலுக்குக் கொல்லனை வைத்து இரும்புப் பட்டை அடித்து ஓடவிட்டேன். ஒரு மாதம் தாங்காது என்றார்கள். இருபத்திரண்டு வருடம் ஓடியது. பேய்க்கதைக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கி, பதினோரு வருடம் ஓர் இதழ் தவறாமல் கொண்டுவந்தேன். அதில் முக்கால்வாசிக் கதைகளை நானே எழுதினேன், ஆறேழு புனைபெயர்களில். ஒன்று பெண் பெயர். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டுத் தலைவாசலிலிருந்து ஒருவர் தன் ஜாதகத்தையே தபாலில் அனுப்பினார். சென்னைப் பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத நைனார்பாளையத்துப் பெட்டிக்கடையிலும், கல்வராயன் மலையில் கடுக்காய் எடை போடும் கடையிலும் என் பத்திரிகை கிளிப்பில் தொங்கியது. மச்சு வீடு கட்டினேன். இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினேன். இதில் எதற்கும் எந்தப் படித்தவனும் கை கொடுத்ததில்லை. குறுக்கே கால் நீட்டாமல் இருந்தவர்களையே நான் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது சென்னையில் ஒரு பதிப்பகம், என் பத்திரிகையில் ஒரே இதழில் முழுசாக வந்த ஒரு குறுநாவலைப் புத்தகமாகப் போடுகிறது. அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கிறது. அது என் பெயர் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியரின் பெயர். நான் புத்தகத்தின் கடைசியில் 'அச்சகத்து நினைவுகள்' என்று நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். ஏனென்றால் நான் அதை அச்சடித்தவனாம்.

சரி, எழுதித் தருகிறேன். நாலு பக்கத்துக்கு மேல் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையை எழுதியவன் நான். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

முதலில் எனக்கு எழுத்து எப்படி வந்தது என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வரவில்லை. சின்னசேலத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஓர் அச்சகம் இருந்தது. அங்கே தரை பெருக்கச் சேர்ந்தேன். கீழே சிந்திக் கிடக்கும் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அதனதன் அறையில் போட வேண்டும். மாற்றிப் போட்டால் முதுகில் இரும்பு ஸ்கேல் விழும். ஒவ்வோர் எழுத்தையும் அப்படி அடி வாங்கித்தான் படித்தேன். அதுவும் எப்படி? அச்சு எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கும். நான் முதலில் படித்த தமிழ் திரும்பி நின்ற தமிழ். இன்றைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள காகிதத்தைத் தலைகீழாகவே படித்துவிடுவேன். எத்தனையோ அதிகாரிகள் என்னிடம் ஏமாந்திருக்கிறார்கள்.

ஆனால் பேனாவைக் கொடுத்தால் எனக்குக் கை ஓடாது. கையெழுத்துப் போடுவேன், ரசீது எழுதுவேன், அவ்வளவுதான். கதை வருவது கையில் ஸ்டிக்கைப் பிடித்தால்தான். ஸ்டிக் என்றால் எழுத்துகளை வரிசையாகக் கோக்கிற சின்ன இரும்புத் தட்டு. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, எழுத்து அறைகளுக்கு முன்னால் நின்று, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வலது கையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோப்பேன். தலையில் வருவது நேராக ஈயத்துக்குப் போகும். நடுவில் காகிதம் என்ற ஒன்று கிடையாது. நீட்டி முழக்கினால் விரல் கடுக்கும், அதனால் என் வாக்கியங்கள் எல்லாம் குட்டி. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பழையபடி அறைகளில் போட்டுவிடுவோம். ஆக, நான் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட கதைகளில் ஒன்றுக்குக்கூட என் கையால் எழுதிய தாள் உலகத்தில் இல்லை. அதை நான் பெருமையாக நினைத்தேன். இப்போதுகூட இதைப் போனில் கட்டை விரலால் கோத்துக்கொண்டிருக்கிறேன். அறைகள் சின்னதாகிவிட்டன, வேலை அதேதான்.

அட்டையில் பெயர் வந்திருக்கும் அந்த வாத்தியார் எப்படி வந்து சேர்ந்தார் என்றால், அவர் அப்போது மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சனிக்கிழமை பஸ்ஸில் கீழே இறங்குவார், ஞாயிற்றுக்கிழமை கடைசி பஸ்ஸில் ஏறுவார். ஒரு சனிக்கிழமை முழுத்தாளில் அழகான கையெழுத்தில் ஒரு கதையோடு வந்து நின்றார். படித்துப் பார்த்தேன். அதில் வந்த பேய் இரண்டு பக்கத்துக்குப் பேசியது.

"வாத்தியாரே, இந்தப் பேய் இவ்ளோ பேசுதே, எப்பங்க பயமுறுத்தும்?"

"அது மனசாட்சிண்ணே. அவன் மனசாட்சிதான் பேயா வருது."

"மனசாட்சிக்கு எவங்க பயந்தான் நம்ம ஊர்ல? பயந்திருந்தா கோர்ட்ல எதுக்கு இவ்ளோ கூட்டம்?"

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். பத்திரிகைக்குப் பிழை திருத்தினார். அதை நான் மறுக்கவில்லை. எனக்கு ர எங்கே, ற எங்கே என்று சந்தேகம் வரும் இடங்களில் எல்லாம் அவருடைய சிவப்புப் பென்சில்தான் என் மானத்தைக் காப்பாற்றியது. அவர் கதை மூன்று வந்தது பத்திரிகையில். மூன்றும் பேசும் பேய்கள். மூன்றுக்கும் ஒரு கடிதம்கூட வரவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

அது இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். ஊர்வலம், கூட்டம் என்று வருடக்கணக்காக இருந்தது ஒரு கட்டத்தில் சாலை மறியலில் வந்து நின்றது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. சேலத்திலிருந்து பால் பவுடர் வராமல் டீக்கடைக்காரர்கள் வரக்காப்பி போட்டார்கள். மலைக்குப் போன பஸ் மலையிலேயே நின்றது. வாத்தியாரும் மலையிலேயே நின்றார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் அவர் கீழே இல்லை.

எங்கள் தெரு ஆட்கள் என்னிடம் நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். படிப்பிலும் வேலையிலும் இடம் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வேறு எந்தப் பக்கம் நிற்பேன்? அடித்துக் கொடுத்தேன். அச்சகத்தின் பெயரைக் கீழே போட வேண்டும் என்பது சட்டம். போடவில்லை. இத்தனை வருடம் இதை நான் வெளியில் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், என்ன செய்வார்களோ செய்யட்டும்.

அந்த நோட்டீஸில் கோரிக்கைகள் ஒரு பக்கம் முழுக்க. ஒவ்வொரு வரியும் 'வேண்டும்' என்று முடியும். ஒரு வரிகூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். என் எழுத்து அறைகளில் இரட்டைக் கொம்பு, அதாவது வே, பே, போ எழுத எல்லாம் முன்னால் போடுகிற அந்தத் தனி அச்சு, இருந்ததே கொஞ்சம். அத்தனையும் 'வேண்டும்' என்பதற்கே போய்விட்டது. "இன்னும் அடிக்க வேண்டியிருக்கும், பிரிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனதால், கோத்த நோட்டீஸ் அப்படியே கட்டிவைத்தபடி மேசையில் கிடந்தது.

மறுநாள் காலையில் பத்திரிகை வேலைக்கு நின்றேன். தபால் வராததால் வெளியார் கதை ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு பக்கத்தையும் நானே நிரப்ப வேண்டும். இதழ் நின்றால் நான் செத்ததற்குச் சமம். ஆனால் 'பேய்' என்று கோக்கப் போனால் அறை காலி. ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மிஷினுக்கு மை தடவிக்கொண்டிருந்த என் மனைவி பார்த்தாள். டிரெடில் மிதிப்பது, மடிப்பது, தைப்பது எல்லாம் அவள்தான்.

"இன்னாங்க, சொம்மா நின்னுக்கினே கீறீங்க?"

"ரெட்டக் கொம்பு தீந்துபோச்சு."

"அந்த நோட்டீஸப் பிரிச்சுடறது."

"பிரிச்சா சாயந்தரம் வந்து கேப்பாங்க. இன்னா சொல்றது?"

"அப்ப கொம்பு இல்லாம எழுதுங்க. நம்ம வூட்டு எருமையே மொட்டையாத்தான கீது, பால் கறக்கல?"

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் கோக்க ஆரம்பித்துவிட்டேன்.

பேய் என்று எழுத முடியாது. 'அது' என்று எழுதினேன். போனான் என்று எழுத முடியாது, ஆகவே என் கதையில் யாரும் எங்கும் போகவில்லை. வந்தார்கள், நின்றார்கள். கேட்டாள் என்று எழுத முடியாது, ஆகவே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பார்த்தார்கள். இப்படியே ஐந்து நாள் நின்று கோத்தேன். கதை என்னவென்றால், சாலையில் வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம் ஒவ்வொரு நாள் விடியும்போதும் ஊருக்கு ஒரு முழம் கிட்ட வந்து கிடக்கிறது. இழுத்த தடம் இல்லை. இலை வாடவில்லை. கடைசியில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்த இடம் எனக்கு இன்றும் மனப்பாடம்:

"மரம் வந்தது. கிளை அசையவில்லை. அடியில் அது நின்றது. அவள் பார்த்தாள். அதுவும் பார்த்தது."

அந்த ஐந்து வாக்கியத்தை நான் ஈயத்தில் கோத்தபோது ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டேன். நூறு பேய் எழுதியவன் நான். என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "த்தூ, இத்த எழுதிட்டு நீங்க இன்னா சோறு துன்னுவீங்க?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

அச்சடித்தாயிற்று, பஸ் இல்லை. கட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நானே கிளம்பினேன், சின்னசேலம் வரைக்கும். வழியில் மரம் கிடந்த இடங்களில் எல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்தேன். ஓரிடத்தில் மறியல் ஆட்கள் விழுந்த மரத்தின் மேலேயே வரிசையாக உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். கட்டுக்குள் என்ன என்று கேட்டார்கள். நோட்டீஸ் என்று நினைத்து ஆளுக்கு ஒன்று பிடுங்கிக்கொண்டார்கள். நான் சின்னசேலம் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், அத்தனை பேரும் மரத்தைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னாய்யா இது, பட்டப்பகல்ல மரத்துமேல குந்த முடியல!" என்றார் ஒரு பெரியவர்.

"கதைதாங்க."

"கதையா? இவன் ரெண்டு தபா எழுந்துபோயி மரம் நகுந்துச்சான்னு முழம் போட்டு அளந்துட்டான்யா!"

அளந்தவர் தலை குனிந்துகொண்டார். அவர்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் மீண்டும் மரத்தில் ஏறி உட்காரவில்லை. இது சாலை அடைபட்டிருந்தபோது நடந்தது. வாத்தியார் மலையில் இருந்தபோது நடந்தது.

சாலை திறந்து இரண்டாம் நாள் ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். கையில் பெயர் இல்லாத அந்த நோட்டீஸ். நல்லவேளை, கோத்து வைத்திருந்ததை முதல் நாள்தான் பிரித்திருந்தோம்.

"இது எங்க அடிச்சது?"

"தெரியலீங்க."

"அந்த வாரம் பூரா உன் மிஷின் ஓடிச்சாமே. ரோடே இல்லாதப்ப இன்னாய்யா அடிச்ச?"

"பத்திரிகைங்க." எடுத்துக் காட்டினேன்.

"எழுதினது யாரு? எழுதின பேப்பரக் காட்டு."

"நான்தாங்க எழுதினது. பேப்பர் கெடையாதுங்க. நேரா கோத்துடுவேன்."

"இன்னா படிச்சிருக்க?"

"அஞ்சாவதுங்க. பாதி."

அவர் கூட வந்த ஏட்டைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா? அஞ்சாவது பாதி படிச்சவரு பேப்பரே இல்லாம நாவல் எழுதறாராம்." என் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. "சனிக்கெழம எழுதின பேப்பரோட ஸ்டேஷனுக்கு வா. பேப்பர் இல்லன்னா பொட்டி படுக்கையோட வா."

நான் உண்மையைத்தான் சொன்னேன். உண்மையை நம்பவில்லை. படித்தவன் எழுதியதாக இருந்தால் நம்புவார்கள். அன்றைக்கு இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது, வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதைச் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வாத்தியார் இறங்கினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அரசு வேலையில் இருப்பவர், வெளியே தெரிந்தால் வேலை போகும்.  இருந்தும் நீள நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். இதழைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, என் அச்சகத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, முப்பத்திரண்டு பக்கத்தையும் தன் கையெழுத்தில் பார்த்து எழுதினார். மத்தியானச் சாப்பாடுகூட இடது கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, எழுதின பக்கத்தைப் படித்தபடி சாப்பிட்டார். அன்றைக்கு அவர் பயந்து விலகியிருக்கலாம், விலகவில்லை. அதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் எழுதினது பார்த்து எழுதின மாதிரியே சுத்தமாக இருந்தது.

"வாத்தியாரே, இது பரீட்சப் பேப்பர் மாதிரி கீது. யோசிச்சி எழுதின மாதிரி நடுநடுவுல அடிங்க. எழுதி அடிங்க, அடிச்சி எழுதுங்க."

"எங்கண்ணே அடிக்கறது?"

எந்த வாக்கியத்தில் அடிக்க வேண்டும் என்று நானே விரலை வைத்துக் காட்டினேன். ஒரு சொல்லை எழுதி அடித்துவிட்டு அதன் மேலே என் சொல்லை எழுதினார். ஓரத்தில் அம்புக்குறி போட்டார். ஓரிடத்தில் டீயைச் சிந்தவிட்டோம்.

சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அதிகாரி புரட்டினார். "யாரு கையெழுத்து?" என்றார். நான் சொன்னேன், என் வாயால் சொன்னேன்: "மலையில வாத்தியாரா இருக்காருங்க. அவரு எழுதின கதைங்க. ரோடு அடைக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டாரு. நான் கோத்தேன், அவ்ளோதான்." அவர் அங்கேயே நாலைந்து பக்கம் படித்தார்; அடைப்புக்கு முன்னால் எழுதிய கதையில் வெட்டிய மரம் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "நல்லா எழுதிருக்கான்யா. படிச்சவன் படிச்சவன்தான்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அச்சகம் தப்பித்தது. அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. நோட்டை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று வாத்தியார் வாங்கிக்கொண்டார். எனக்கு எதற்கு நோட்டு என்று நானும் கொடுத்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனம் இந்த ஒன்றுதான்.

பிறகு ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்தது, டிவி வந்தது, பத்திரிகை நின்றது, அச்சகத்தை விற்றேன். வாத்தியார் மலையிலிருந்து கீழே மாற்றலாகி, தலைமை ஆசிரியராகி, சேலத்தில் வீடு கட்டி, இலக்கியக் கூட்டங்களில் மேடை ஏறினார். பேய்க்கதை என்றால் மூக்கைப் பிடித்த அதே கூட்டம். என் பத்திரிகையை வாங்கி வேட்டியில் மறைத்துக் கொண்டுபோன பேராசிரியர்களை எனக்குத் தெரியும். ஒரு கூட்டத்தில் யாரோ அந்தக் கதையைப் பற்றிக் கேட்டார்களாம். இவர் நோட்டை எடுத்துக் காட்டினாராம். அவ்வளவுதான், மலையில் தனிமையில் உட்கார்ந்து எழுதிய மகா காரியம் ஆகிவிட்டது. முன்னுரை எழுதிய பெரிய மனிதர், அந்தக் கதையில் பேய் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கண்டுபிடித்து ஆறு பக்கம் பாராட்டியிருக்கிறார். நோட்டில் உள்ள அடித்தல் திருத்தல்களை வைத்து, ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் எப்படிப் போராடியிருக்கிறார் என்று இரண்டு பக்கம். பதிப்பகம் எனக்கு அனுப்பிய பக்கங்களில் டீக்கறைகூடப் படமாக வந்திருக்கிறது.

பதிப்பகத்து அம்மா போன் செய்தபோது நான் கேட்டேன்: "எழுதினது யாருன்னு என்னக் கேட்டீங்களாம்மா?"

"ஐயா, சாரோட கையெழுத்துப் பிரதியே இருக்கு. அதுதான எங்களுக்கு ஆதாரம்."

"அத எழுதவச்சவனே நான்தாம்மா."

"உங்க பங்கையும் கண்டிப்பா சொல்றோம்யா. அந்தக் காலத்துல அச்சுக் கோக்கறது எவ்ளோ கஷ்டம்னு எழுதுங்க. இளம் வாசகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அம்மா, உங்கள் இளம் வாசகர்களுக்கு வேடிக்கை காட்ட நான் பொருட்காட்சியில் வைத்த மிஷின் இல்லை.

அடுத்த வாரமே பஸ் ஏறிச் சேலம் போனேன். வாத்தியார் மதியத் தூக்கம் முடிந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, எனக்கு ஆனதைவிட அதிகமாக.

"வாங்கண்ணே! எத்தன வருஷமாச்சு. தண்ணி குடிங்க."

"தண்ணி இருக்கட்டும். அந்தக் கதைய எழுதினது யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கதானண்ணே ஸ்டேஷன்ல சொன்னீங்க."

"அது போலீஸுக்குச் சொன்னது."

"எனக்கு எப்பண்ணே மாத்திச் சொன்னீங்க? இத்தன வருஷத்துல ஒரு கடுதாசி? ஒரு போன்? ஊர்ல எல்லாரும் நான் எழுதினதுன்னு பேசறது உங்க காதுல விழலையா? நீங்க வந்து மறுப்பீங்கன்னு நானும் காத்துக்கினுதான் இருந்தேன். நீங்க வரல. அதுக்கப்புறம் எனக்கே..." பாதியில் நிறுத்தினார். "அந்த நோட்டுக்கு நான் வேலையப் பணயம் வெச்சேன்ல?"

அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. நான் மறுக்கவில்லைதான். மறுத்தால் நோட்டீஸ் அடித்ததையும் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கல்யாணம் ஆகிற வயது. போலீஸ், கேஸ் என்றால் வருகிற வரனும் ஓடும். பிறகு அவர்களுக்குக் கல்யாணம் ஆனது, அப்போது என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். ஆனால் ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் வீட்டை எழுதி வாங்கிக்கொள்வதா?

"சரி, நீயே எழுதின. ஒன்னு சொல்லு. அந்தக் கதையில பேய்னு ஒரு எடத்துலகூட ஏன் வரல?"

வாழ்க்கையில் முதல் முறையாக அவரை நீ என்றேன். அவர் கவனித்தார்.

"பேர் வைக்காத பயம்தான் பெரிய பயம்ணே. அத வேணும்னே தவிர்த்தது. முன்னுரையில வந்திருக்குதே."

"அதே கதையில எவனும் எங்கயும் போகல. எவளும் எதையும் கேக்கல. அது ஏன்?"

"அது..." அவர் எதையோ தேடினார். "போக வழியில்ல, கேக்க ஆளில்ல. அந்தக் காலத்தோட மனநில."

"ரெட்டக் கொம்பு தீந்துபோச்சு வாத்தியாரே. அத்தனையும் நோட்டீஸ்ல மாட்டிக்கினு இருந்துச்சு. முப்பத்திரெண்டு பக்கத்துல அந்தக் கொம்பு ஒன்னு காட்டு, நான் எழுந்து போயிடறேன்."

மேசையிலேயே புத்தகத்தின் புரூஃப் இருந்தது. எடுத்தார். முதல் பக்கத்தை விரலால் வரி வரியாகத் தடவினார். பழைய பிழை திருத்துகிற விரல், அது அப்படித்தான் போகும். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். என்னிடம் அவ்வளவு நாள் பழகி, அந்தக் கதையைத் தன் கையால் முழுசாக எழுதி, முப்பது வருடத்துக்கு மேல் தன்னுடையது என்று சொல்லித் திரிந்தவருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்தாம் பக்கத்தில் நிறுத்தி மூடினார். நான் அவர் மன்னிப்புக் கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே," என்றார், "இத எங்கயும் எழுதிடாதீங்க. கொம்பு இல்லாததால வந்துச்சுன்னு தெரிஞ்சா கதையோட மரியாத போயிடும்."

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் போனில் எழுத்து இல்லை.

மரியாதை யாருக்கு ஐயா போகும்? கையில் இருக்கிற எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்து நாள் நின்றபடி, மறியல் ஆட்களை மரத்தைவிட்டு இறக்கிய கதையை ஒருவன் செய்தானே, அவனுக்கு அது குறைச்சலா? யோசித்து யோசித்துக் காகிதத்தில் அடித்துத் திருத்தியவன் செய்தால் கலை, அறையில் எழுத்து இல்லாமல் வேறு வழி பார்த்தவன் செய்தால் விபத்தா? இல்லாததை வைத்து நடத்துவதைத் தவிர நான் இந்தப் பிறவியில் வேறு என்ன செய்தேன்? அவர் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பதிப்பகத்தாருக்கும் இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். புத்தகத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அட்டையில் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். வாத்தியார் பெயரை உள்ளே 'பிழை திருத்தியவர்' என்று போடுங்கள். அது அவர் நியாயமாகச் செய்த வேலை. நோட்டைப் படம் எடுத்துப் போட்டிருக்கும் பக்கத்தில், 'அச்சான பிறகு பார்த்து எழுதப்பட்டது' என்று ஒரு வரி சேருங்கள். முன்னுரை எழுதியவர் தன் ஆறு பக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளட்டும், பாராட்டில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றட்டும். இந்தக் கட்டுரையைக் கடைசியில் போடாதீர்கள், முதலில் போடுங்கள். இவ்வளவும் செய்யாவிட்டால் என் பத்திரிகையில் வந்த ஒரு வரியைக்கூட அச்சிட உங்களுக்கு என் அனுமதி இல்லை. இதைப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதுபோல் கும்பிட்டுச் சொல்லவில்லை. என் பெயரைத் தனித்தாளில் அனுப்பியிருக்கிறேன். முழுப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. சுருக்காமல் போடுங்கள்.